பெட்டியின் ஓரத்தில் இருக்கும் எண்

என் மேசை இழுப்பறையில் ஓர் இலக்கு அட்டை இருக்கிறது. 50 மீட்டரில் இருந்து சுட்ட ஐந்து குண்டுகள் அதில் ஒன்றோடொன்று ஒட்டி விழுந்து, ஒரே ஓட்டையாகத் தெரியும். மேலே ஓர் ஐந்து சென் காசை வைத்தால் முழுக்க மறைந்துவிடும். ஓரத்தில் பென்சிலால் ‘9 மி.மீ.’ என்று எழுதி வைத்திருக்கிறேன். ஐந்தில் மிகவும் விலகி விழுந்த இரண்டு குண்டுகளின் மையத்துக்கு மையம் எடுத்த அளவு அது. இதைத்தான் நாங்கள் குரூப் என்போம்.

அந்த அட்டையை ஓராண்டுக்கு மேல் நம்பினேன். இந்தத் துப்பாக்கிக்கு இந்தத் தோட்டாதான் என்று முடிவு கட்டிவிட்டேன். புதிதாகச் சேர்ந்தவர்கள் கேட்டாலும் அதையே சொன்னேன்.

நான் இருப்பது மலேசியாவில், கோலாலம்பூர் செந்தூலில். கிள்ளான் பக்கம் ஒரு ரப்பர் கையுறைத் தொழிற்சாலையில் தரக்கட்டுப்பாட்டு வேலை. மாதத்தில் இரண்டு சனிக்கிழமை, வெயில் ஏறுவதற்குள் சுபாங் சுடுதளத்துக்குப் போய்விடுவேன். போகிற வழியில் மாமாக் கடையில் ஒரு ரொட்டி சானாய், ஒரு தே ஓ, அதாவது பால் ஊற்றாத தேநீர். சுடுவதற்கு முன்னால் தே தாரிக்கோ காப்பியோ குடிப்பதில்லை. கை நடுங்குகிறதோ என்று மனசுக்குள் ஒரு சந்தேகம் வந்தாலே போதும், குறி கெட்டுவிடும்.

துப்பாக்கி கிளப்புடையது. செக் நாட்டில் செய்த சி.இசட். 457 வார்மின்ட், .22 லாங் ரைஃபிள் என்கிற சிறிய தோட்டாவைச் சுடுவது. வார்மின்ட் என்பது அமெரிக்கர்கள் புழங்கும் சொல். மேய்ச்சல் நிலத்தைக் குடைந்து கெடுக்கிற தரை அணில், ப்ரெய்ரி நாய் என்கிற கொறிவிலங்கு, ஆட்டுக்குட்டிகளைத் தூக்கிப் போகிற கயோட்டி எல்லாவற்றுக்கும் பொதுப் பெயர். தேநீர்க் கோப்பை அளவே உள்ள ஒன்றைத் தூரத்தில் இருந்து அடிக்க வேண்டும் என்பதால் இவ்வகைத் துப்பாக்கிகளுக்குக் கனமான குழல், மென்மையான விசை, மேலே தொலைநோக்கி. நம் ஊரில் அந்த வேலையைத் துப்பாக்கி செய்வதில்லை. செம்பனைத் தோட்டங்களில் எலியைப் பிடிக்கக் கம்பத்தில் பெட்டி கட்டிக் கூகைகளைக் குடிவைக்கிறார்கள். என் அப்பா கோல சிலாங்கூர்ப் பக்கத் தோட்டத்தில் வளர்ந்தவர். ராத்திரியில் கூகை வெள்ளையாகப் பறந்து போனால் இப்போதும் கையெடுத்துக் கும்பிடுவார். ஆனால் காகிதத்தில் குறி பார்க்கிறவனுக்கு இந்தக் கனத்த குழல் ஒரு வரம். தோளில் அசையாது, பத்துப் பதினைந்து குண்டு சுட்டாலும் சூட்டில் குணம் மாறாது.

இங்கே சட்டத்தைப் பற்றி ஒரு வார்த்தை. 1960-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி உரிமம் இல்லாமல் துப்பாக்கியும் வைத்திருக்க முடியாது, தோட்டாவும் வைத்திருக்க முடியாது. காற்றுத் துப்பாக்கிகூட அந்தச் சட்டத்துக்குள்தான் வருகிறது. 1971-இல் வந்த இன்னொரு சட்டம் துப்பாக்கிக் குற்றங்களுக்கான தண்டனையை மிகக் கடுமையாக்கியது. எங்கள் கிளப்பில் தோட்டாவை எண்ணித்தான் கையில் தருவார்கள். சுட்டு முடித்ததும் வெற்று உறைகளை எண்ணித் திரும்ப வாங்கிக்கொள்வார்கள். இது எனக்குப் பிடித்திருக்கிறது. ஐம்பது தோட்டாதான் உண்டு என்றால், ஒவ்வொன்றையும் யோசித்துத்தான் செலவு செய்வோம்.

அமெரிக்காவில் பெரிய தோட்டா சுடுகிறவர்கள் வீட்டிலேயே மருந்தை நிறுத்துப் போட்டு, தங்கள் குழலுக்கு ஏற்ற தோட்டாவைத் தாங்களே செய்துகொள்கிறார்கள். இங்கே உரிமம் இல்லாமல் தோட்டா செய்வது குற்றம். அது மட்டுமில்லை, .22 போல விளிம்பில் ஊசி அடித்துப் பற்றுகிற ரிம்ஃபயர் உறையைத் திரும்ப நிரப்புவது எந்த நாட்டிலுமே வழக்கத்தில் இல்லை. ஆகவே ஆலை செய்து தருவதற்குள்தான் நமக்கானதைத் தேட வேண்டும்.

சரி, அந்த 9 மில்லிமீட்டருக்கு வருகிறேன். கிளப்பில் அந்தத் தோட்டா தீர்ந்துபோய், அதே பெயர், அதே நிறப் பெட்டியில் புதிதாக வாங்கி வந்தார்கள். அன்று முதல் குரூப் விரிந்தது. 20, 23, ஒரு தடவை 27. குழலைத் துடைத்தேன். தொலைநோக்கியின் திருகுகளை இறுக்கினேன். மூச்சு விடுவதை மாற்றிப் பார்த்தேன். மூன்று மாதம் இப்படியே போயிற்று. வீட்டில்கூட ‘என்ன, முகமே சரியில்லை’ என்று கேட்டார்கள்.

எங்கள் கிளப்பில் ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர் இருக்கிறார். எல்லோருக்கும் அவர் மாஸ்டர். ஒரு காலை நான் அட்டையைப் பிடித்துக்கொண்டு நிற்பதைப் பார்த்துப் பக்கத்தில் வந்தார்.

“தம்பி, லாட் நம்பர் என்ன?”

“பார்க்கலை மாஸ்டர்.”

“போன தடவை அடிச்சது?”

“அதுவும் தெரியாது.”

“உங்க பேக்டரில கையுறை கிழிஞ்சிருச்சுன்னு திரும்பி வந்தா முதல்ல எதைப் பார்ப்பீங்க?”

“பேட்ச் நம்பர்.”

அவர் அதற்குமேல் ஒன்றும் சொல்லவில்லை. தன் பாயில் போய்ப் படுத்துச் சுட ஆரம்பித்துவிட்டார். நான் பெட்டியைத் திருப்பிப் பார்த்தேன். மடிப்பின் ஓரத்தில், பொடி எழுத்தில், ஓர் எண் அச்சாகியிருந்தது.

அந்த எண் ஏன் இத்தனை முக்கியம் என்பது .22 தோட்டாவின் உடம்பைப் பார்த்தால் புரியும். பெரிய தோட்டாக்களின் அடியில் நடுவில் பொட்டு வைத்ததுபோல் ஒரு பிரைமர் இருக்கும். அதில் ஊசி அடித்ததும் பற்றிக்கொள்ளும். .22-இல் அது கிடையாது. பற்றவைக்கிற மருந்து அடி விளிம்பின் மடிப்புக்குள்ளேயே இருக்கிறது. ஈரமாக உள்ளே இட்டு, உறையை வேகமாகச் சுழற்றி விளிம்பு முழுக்கப் பரவச் செய்கிறார்கள். எங்காவது கொஞ்சம் கனமாகவும் எங்காவது மெல்லிசாகவும் படிந்துவிட்டால், ஊசி எந்த இடத்தில் அடித்தது என்பதைப் பொறுத்து எரிகிற வேகம் மாறும். அதற்குமேல் உள்ளே இருக்கிற வெடிமருந்தோ ஒரு கிராமில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு. அவ்வளவு சிறிய அளவில் ஒரு துகள் கூடினாலும் குறைந்தாலும் வேகத்தில் தெரிந்துவிடும். குண்டு 40 கிரெய்ன், அதாவது 2.6 கிராம் மெத்தென்ற ஈயம். பாதி உறைக்கு வெளியே, மெழுகு பூசி நிற்கிறது. கீழே போட்டு எடுத்தால் தழும்பு விழும்.

ஈயக்கலவை, மருந்து, மெழுகு, அடித்து வடிக்கிற அச்சு எல்லாம் ஒன்றாக இருக்கும்போது ஓர் ஓட்டத்தில் செய்து எடுப்பது ஒரு லாட். அச்சு தேய்ந்து மாற்றினால், மருந்தின் தொகுதி மாறினால், அடுத்த லாட் வேறு பிள்ளை. அம்மா ஒருத்திதான், குணம் வேறு. குழல்களும் அப்படித்தான். ஒரே தொழிற்சாலையில் அடுத்தடுத்துக் கடைந்த இரண்டு குழல்களின் உள்விட்டம் மயிரிழை வித்தியாசப்படும். குண்டு அதற்குள் எப்படிக் கவ்விக்கொள்கிறது, சுடும்போது குழல் எப்படி அதிர்கிறது என்பதெல்லாம் தனித்தனி. ஆகவே ‘நல்ல தோட்டா எது’ என்று கேட்டால் பதில் கிடையாது. ‘இந்தக் குழலுக்கு எந்த லாட்’ என்று கேட்டால் கிடைக்கும்.

போட்டிக்காரர்கள் இதை எப்போதோ தெரிந்துகொண்டார்கள். இங்கிலாந்தில் பர்மிங்காம் பக்கம் இருக்கிற இலே நிறுவனத்திலும், ஜெர்மனியில் ஷோனபெக் நகரில் இருக்கிற லாபுவா ஆலையிலும் இதற்கென்றே சோதனைக் கூடங்கள் வைத்திருக்கிறார்கள். துப்பாக்கியைக் கொண்டுபோய்க் கொடுத்தால், தோளில் சாய்க்கிற கட்டையைக் கழற்றி, குழலை இரும்புப் பிடியில் மாட்டி, லாட் லாட்டாகச் சுட்டுப் பார்த்துத் தருவார்கள். எது சரியோ அந்த லாட்டை மொத்தமாக வாங்கிக்கொண்டு ஊர் திரும்பலாம். 50 மீட்டர் போட்டி அட்டையில் பத்துப் புள்ளி வட்டத்தின் விட்டம் 10.4 மில்லிமீட்டர், அதற்குள் இருக்கும் உள்வட்டம் 5 மில்லிமீட்டர்தான். குண்டின் விட்டமே 5.6. அந்த அளவில் ஒரு லாட் கை கொடுக்கிறதா, காலை வாருகிறதா என்பது மேடை ஏறுவதையே தீர்மானித்துவிடும்.

எங்களால் ஷோனபெக் போக முடியாது. சுபாங்கிலேயே செய்தோம்.

ஆறு வகைத் தோட்டா. ஒவ்வொன்றிலும் இரண்டு பெட்டி, இரண்டும் ஒரே லாட். கடையில் நின்று பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்து வாங்கினோம். விற்பவர் பொறுமையாக இருந்தார். முன்னால் ஸ்டாண்டு, பின்னால் மணல் மூட்டை, தோள் லேசாகத் தொட்டால் போதும் என்கிற மாதிரி துப்பாக்கியைக் கிடத்தினோம். நோக்கம் தோட்டாவைச் சோதிப்பது. என் தசையைச் சோதிப்பது அல்ல.

ஒரு வகையில் இருந்து இன்னொரு வகைக்கு மாறும்போது முதல் பதினைந்து குண்டுகளை அளக்கக் கூடாது என்றார் மாஸ்டர். ஒவ்வொரு ஆலையும் வேறு வேறு மெழுகு பூசுகிறது. பழைய மெழுகு குழலுக்குள் படிந்திருக்கும்போது புதிய குண்டு போனால் இரண்டும் சண்டை போடும். பத்துப் பதினைந்து போன பிறகுதான் குழல் புதிய மெழுகுக்குப் பழகும். துடைத்த குழலுக்கும் இதே விதி. முன்பெல்லாம் நான் ஒவ்வொரு வகைக்கும் முன்னால் குழலைப் பளபளவென்று துடைத்துவிட்டு ஐந்து குண்டு சுட்டு, ‘இது சரியில்லை’ என்று தள்ளிவிடுவேன். எத்தனை நல்ல தோட்டாவை அப்படித் தள்ளினேனோ தெரியாது.

அப்புறம், எண்ணிக்கை. இதைக் கொஞ்சம் நின்று பேச வேண்டும், ஏனென்றால் என் 9 மில்லிமீட்டர் விழுந்த குழி இதுதான். ஒரு துப்பாக்கியும் ஒரு தோட்டாவும் சேர்ந்து சராசரியாக 15 மில்லிமீட்டர் குரூப் தருகின்றன என்று வைத்துக்கொள்வோம். எதையும் மாற்றாமல் ஐந்து ஐந்தாகச் சுட்டுக்கொண்டே போனால் எல்லாம் 15 வராது. 11 வரும், 19 வரும், பொறுமையாகச் சுட்டுக்கொண்டே இருந்தால் ஒரு நாள் 9-ம் வரும். இது தோட்டாவின் குணம் மாறியதால் அல்ல. ஐந்து என்பது மிகச் சின்ன எண்ணிக்கை என்பதால். ஐந்து குண்டு குரூப்பில் நான்கில் ஒரு பங்குக்கு மேல் ஏற்ற இறக்கம் இயல்பு. மூன்று குண்டு சுட்டு முடிவு சொல்கிறவர்கள் இன்னும் மோசமாக ஏமாறுவார்கள். பத்துக் குண்டு சுட்டால் குரூப் இயல்பாகவே கால் பங்கு பெரிதாகத் தெரியும், ஆனால் அது சொல்வதை அதிகம் நம்பலாம்.

தொழிற்சாலையில் ஒரு பேட்சைத் தண்ணீர் ஊற்றிச் சோதிக்கும்போது ஐந்து கையுறையை எடுத்துப் பார்த்துவிட்டு ‘எல்லாம் சரி’ என்று கையெழுத்துப் போட நான் ஒருநாளும் ஒத்துக்கொள்ள மாட்டேன். அதே நான், ஓர் அட்டையில் ஐந்து ஓட்டையைப் பார்த்துவிட்டு ஓராண்டு கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.

ஆகவே ஒவ்வொரு வகைக்கும் நான்கு தடவை ஐந்து ஐந்தாக, மொத்தம் இருபது குண்டு. அடுத்த சனிக்கிழமை வரிசையை மாற்றி மறுபடியும் இருபது. வரிசையை மாற்றுவது முக்கியம். காலையில் காற்று அடங்கியிருக்கும்போது சுட்டது எப்போதும் நல்லதாகத் தெரியும், பதினொரு மணிக்குச் சுட்டது பாவம். எல்லாவற்றையும் வெர்னியரால் அளந்தேன். பிறகு இருபது ஓட்டைகளையும் ஒரே தாளில் மேலே மேலே குறித்து, நடுப்புள்ளியில் இருந்து ஒவ்வொன்றும் எவ்வளவு தள்ளி நிற்கிறது என்று சராசரி எடுத்தேன். குரூப் அளவு இரண்டே இரண்டு குண்டுகளின் கதையைத்தான் சொல்லும். இந்தச் சராசரி இருபதின் கதையையும் சொல்லும். நேரம் எடுக்கிற வேலை. ஆனால் நாற்பது குண்டுச் செலவில் கிடைக்கிற செய்தியில் பாதியைக் குப்பையில் போட எனக்கு மனம் வரவில்லை.

இன்னொன்று. விலகிப் போன குண்டை ‘அது என் தப்பு’ என்று கழித்துவிடும் பழக்கம் எல்லோருக்கும் உண்டு. விசையை இழுத்த அந்த நொடியிலேயே, அட்டையைப் பார்ப்பதற்கு முன்னால், ‘இது கெட்டது’ என்று பக்கத்தில் இருப்பவரிடம் சொன்னால் மட்டும் கழிக்கலாம் என்று வைத்துக்கொண்டோம். பார்த்த பிறகு சொன்னால் செல்லாது. இரண்டு சனிக்கிழமையில் நான் அப்படிச் சொன்னது மூன்று தடவைதான். மீதி விலகல்கள் எல்லாம் தோட்டாவுடையவை.

என்ன கிடைத்தது? இருப்பதிலேயே விலை கூடியது மூன்றாவதாக வந்தது. பயிற்சிக்கென்று விற்கிற மலிவான ஒன்று அதற்கு முன்னால் நின்றது. முதலிடம் நடுத்தர விலையில் ஒன்றுக்கு. என் பழைய 9 மில்லிமீட்டர்த் தோட்டாவின் புதிய லாட் ஐந்தாவது. பெயர்களை வேண்டுமென்றே எழுதவில்லை. எழுதினால் நீங்கள் அதையே வாங்குவீர்கள், உங்கள் குழலுக்கு அது ஒத்துவராமல் போகலாம். முதல் இரண்டுக்கும் இடையில் இருந்த வித்தியாசம் மிகச் சிறியது. நாற்பது குண்டை வைத்து இதுதான் மேல் என்று சொல்ல எனக்குத் துணிவில்லை. ஐந்தாவதும் ஆறாவதும் வேண்டாம் என்று மட்டும் உறுதியாகச் சொல்லலாம். சோதனையின் பெரிய பயனே எதைத் தள்ளுவது என்று தெரிவதுதான் என்று இப்போது நினைக்கிறேன்.

ஆறாவதாக வந்தது, பெட்டியில் அதிவேகம் என்று போட்டிருந்த தோட்டா. கிளப்பில் இளைஞர்கள் பலருக்கு அதன்மேல்தான் கண். வேகமாகப் போனால் நேராகப் போகும் என்று தோன்றுவது இயல்புதானே. .22-இல் அது தலைகீழ். கோலாலம்பூரின் 32 டிகிரி வெயிலில் ஒலி விநாடிக்குச் சுமார் 350 மீட்டர் போகிறது. அதிவேகத் தோட்டா 375 வாக்கில் கிளம்பி, 50 மீட்டரைத் தொடுவதற்குள் ஒலியின் வேகத்துக்குக் கீழே இறங்குகிறது. அந்தக் கோட்டைத் தாண்டும்போது குண்டைச் சுற்றியுள்ள காற்று கலங்கி அதை உலுக்குகிறது. போட்டித் தோட்டாவோ 325, 330 வாக்கில்தான் கிளம்பும்; தொடக்கம் முதல் கடைசிவரை கோட்டுக்குக் கீழேயே அமைதியாகப் போகும். பனி கொட்டுகிற ஊரில், பூஜ்யம் டிகிரியில், ஒலியே 331 மீட்டர்தான் என்பதால் அந்தத் தோட்டாவுக்கும் அங்கே கோடு மிக அருகில் வந்துவிடுகிறது. நம் வெயில் நமக்குச் செய்கிற நன்மை இது ஒன்று.

பக்கக் காற்றிலும் இதே கதை. விநாடிக்கு ஒரு மீட்டர் வேகத்தில் குறுக்கே வீசினால், சட்டைக் காலர்கூட அசையாத காற்று அது, போட்டித் தோட்டா 50 மீட்டரில் ஆறு மில்லிமீட்டர் அளவு ஒதுங்கும். அதிவேகத் தோட்டா அதைவிட அதிகம் ஒதுங்கும். சீக்கிரம் போய்ச் சேர்கிறதே, எப்படி என்று எனக்கும் முதலில் விளங்கவில்லை. காற்று குண்டைத் தள்ளுவது அது வழியில் எவ்வளவு வேகத்தை இழந்தது என்பதைப் பொறுத்தது. ஒலியை ஒட்டிய வேகத்தில் காற்றின் தடை சட்டென்று கூடுவதால் வேகமாகக் கிளம்பியது அதிகம் இழக்கிறது. அதனால்தான் பாதித் தூரத்தில் ஒரு குச்சியில் மெல்லிய ரிப்பன் கட்டிவைத்து, அது தொங்கும்போது மட்டும் சுட்டோம்.

வேகத்தின் அளவைவிட அதன் ஒழுங்குதான் பெரிது. விநாடிக்கு ஆறு மீட்டர் வித்தியாசத்தில் இரண்டு குண்டு போனால், 50 மீட்டரில் ஒன்றுக்குக் கீழே இன்னொன்று நான்கைந்து மில்லிமீட்டர் இறங்கி விழும். 100 மீட்டரில் அது 20 மில்லிமீட்டர். அட்டையில் ஓட்டைகள் செங்குத்தாகப் படிக்கட்டு மாதிரி அடுக்கி நின்றால் முதலில் வேகத்தின்மேல் சந்தேகப்படுங்கள். படுக்கையாக விரிந்தால் காற்றின்மேல். ஒரு தடவை ஒரு பெட்டியை நிழலிலும் இன்னொன்றை வெயில் படும் பலகையிலும் வைத்துவிட்டேன். வெயிலில் இருந்ததை எடுத்தபோது மெழுகு விரலில் பிசுபிசுத்தது. ஒரே லாட், ஆனால் அட்டையில் இரண்டு குடும்பமாகப் பிரிந்து விழுந்தது. அன்றில் இருந்து தோட்டாப் பெட்டிக்கு ஒரு வெள்ளைத் துண்டு போர்த்தி வைக்கிறேன்.

இதற்கு நடுவில் தீபாவளிக்கு என் அத்தை மகன் ஆஸ்திரேலியாவில் இருந்து கூப்பிட்டான். மேற்கு ஆஸ்திரேலியாவில் கோதுமை விளையும் பகுதியில் இருக்கிறான். அங்கே முயலும் நரியும் வெளியில் இருந்து கொண்டுவந்து விட்டவை. 1859-இல் விக்டோரியாவில் ஒரு பண்ணைக்காரர் வேட்டைக்காக விட்ட முயல்கள் கண்டம் முழுக்கப் பெருகின என்பது அங்கே பள்ளிப் பிள்ளைகளுக்கும் தெரிந்த வரலாறு. நரி ஆட்டுக்குட்டிகளை எடுத்துவிடுகிறது. உரிமத்தோடு பக்கத்துப் பண்ணையாரிடம் இருந்து பழைய .223 ரெமிங்டன் துப்பாக்கி ஒன்றை வாங்கியிருந்தான்.

“மச்சான், பெட்டியில மேட்ச்னு போட்டிருக்கு, 69 கிரெய்ன், விலையும் கூட. 100 மீட்டர்ல சாசர் அளவுக்குச் சிதறுது. துப்பாக்கி கெட்டுப்போச்சா?”

“ஓட்டை எப்படி இருக்கு? வட்டமாவா, நீளமாவா?”

கொஞ்ச நேரம் அமைதி. பிறகு சொன்னான், “நீளமா.”

அதைக் கேட்டதுமே விஷயம் புரிந்துவிட்டது. குண்டு பக்கவாட்டில் சாய்ந்து போய் அட்டையைக் கிழித்திருக்கிறது. குழலுக்குள் வெட்டியிருக்கிற சுருள் பள்ளம்தான் குண்டைச் சுழலவிடுகிறது. எத்தனை அங்குலத்துக்கு ஒரு சுற்று என்பதை அதன் முறுக்கு என்கிறோம். பழைய வார்மின்ட் துப்பாக்கிகளில் 12 அங்குலத்துக்கு ஒரு சுற்று சாதாரணம், ஏனென்றால் அவை 50, 55 கிரெய்ன் குட்டைக் குண்டுக்காகச் செய்தவை. கனம் கூடினால் குண்டின் நீளமும் கூடும். நீளமான குண்டு நிமிர்ந்து நிற்க வேகமான சுழற்சி வேண்டும், 8 அங்குலத்துக்கு ஒன்று மாதிரி. பம்பரம் மெதுவாகச் சுற்றினால் தலையாட்டுமே, அதேதான்.

முறுக்கை அளக்க அவனுக்கு வழி சொன்னேன். துப்பாக்கியில் தோட்டா இல்லை என்று இரண்டு முறை பார்த்துக்கொள். துடைக்கிற கம்பியில் இறுக்கமாகத் துணி சுற்றி உள்ளே தள்ளு. கம்பியில் ஒரு கோடு போடு. கோடு முழுச் சுற்று வந்து அதே இடத்தில் நிற்கும்வரை இழுத்து, கம்பி எத்தனை அங்குலம் வெளியே வந்தது என்று பார். மறுநாள் சொன்னான்: பன்னிரண்டு.

55 கிரெய்ன் வார்மின்ட் குண்டு போட்ட தோட்டாவில் நான்கு கம்பெனி வாங்கச் சொன்னேன். ஆலைக் கணக்கில் அது விநாடிக்கு 3,240 அடி வேகத்தில் கிளம்பும். 12 அங்குல முறுக்கில் அந்தக் குண்டு நிமிடத்துக்கு 1,94,400 சுற்றுச் சுற்றும். 8 அங்குலக் குழலாக இருந்தால் 2,91,600. மேலுறை மிக மெல்லிசாகச் செய்த சில குண்டுகள் இவ்வளவு வேகச் சுழற்சியைத் தாங்காமல் வழியிலேயே சிதறிவிடுவதும் உண்டு. ஆக, முறுக்கு குறைந்தாலும் தொந்தரவு, கூடினாலும் தொந்தரவு. .223-இல் லாட் நம்பர் பார்ப்பதற்கு முன்னால் இந்தக் கணக்கைத்தான் பார்க்க வேண்டும். என் .22-இல் இந்தச் சிக்கல் இல்லை. ஏறக்குறைய எல்லோரும் 16 அங்குலத்துக்கு ஒரு சுற்றுதான் வெட்டுகிறார்கள், குண்டும் பெரும்பாலும் 40 கிரெய்ன்தான்.

மேட்ச் என்ற சொல்லைப் பற்றியும் அவனிடம் கொஞ்சம் கடுமையாகவே பேசினேன். மேட்ச் என்றால் போட்டி; மேட்ச் குண்டு காகிதத்தைத் துளைக்கச் செய்தது. உயிருள்ள ஒன்றின்மேல் பட்டால் பல நேரம் ஊசி மாதிரி உள்ளே போய் வெளியே வந்துவிடும். அந்த நரி புதருக்குள் ஓடிப்போய் மணிக்கணக்காகத் துடிக்கும். வார்மின்ட் குண்டு பட்டவுடன் விரிந்து அந்த நொடியிலேயே முடித்துவிடும். கொல்லத்தான் வேண்டும் என்றால் வலி இல்லாமல் முடிக்க வேண்டும். அதற்கு இரண்டு தேவை: ஏற்ற குண்டு, அது நினைத்த இடத்தில் படுகிற துல்லியம். குரூப் சாசர் அளவு விரிகிற துப்பாக்கியோடு ராத்திரியில் நரிக்குப் போகாதே என்றேன். “சரி மச்சான், அளந்துட்டுத்தான் போவேன்” என்றான். அளந்தான். ஒவ்வொரு குண்டுக்கும் நடுவில் குழல் ஆற நேரம் விட்டு, பத்துப் பத்தாகச் சுட்டான். நான்கில் இரண்டு கம்பெனி 100 மீட்டரில் 30 மில்லிமீட்டருக்குப் பக்கத்தில் நின்றன. பக்கத்து ஊர்க் கடையில் எப்போதும் கிடைக்கிறது எதுவோ அதை வைத்துக்கொண்டான். நல்ல முடிவு என்பேன். ஆண்டுக்கு ஒரு முறை கப்பலில் வருகிற அற்புதத்தைவிட, வேண்டும்போது அதே லாட்டில் கிடைக்கிற நல்லது மேல்.

எங்கள் கிளப்பிலும் அந்தக் கவலைதான் வந்தது. நல்ல லாட்டைக் கண்டுபிடித்து என்ன, நான்கு வாரத்தில் தீர்ந்துவிட்டால்? கூட்டத்தில் பேசினோம். ஆளுக்கு ஒரு பெட்டியாக அவ்வப்போது வாங்குவதை நிறுத்திவிட்டு, ஒரு முழு அட்டைப்பெட்டி, அதாவது 5,000 தோட்டா, ஒரே லாட்டில் வாங்கலாம் என்று முடிவாயிற்று. முதல் தடவை ஒரு விற்பனையாளர் மூன்று லாட்டைக் கலந்து அனுப்பிவிட்டார்; பிரிக்காமலே திருப்பி அனுப்பினோம். இரண்டாவது தடவை மூன்று வெவ்வேறு லாட்டில் இரண்டிரண்டு பெட்டி மாதிரிக்குக் கேட்டு வாங்கி, மூன்று சனிக்கிழமை சுட்டுப் பார்த்து, ஒன்றைத் தேர்ந்தெடுத்து, அந்த எண்ணை எழுதிக் கொடுத்து, இதே எண் வேண்டும் என்று சொன்னோம்.

போன வாரம் வந்தது. மாஸ்டர் பெட்டியைப் பிரித்தார். உள்ளே 500 தோட்டா கொண்ட பத்துக் கட்டுகள். கிளப்பில் புதிதாகச் சேர்ந்த ஒரு பெண் பிள்ளை, பதினெட்டு வயது இருக்கும், ஒவ்வொரு கட்டையும் எடுத்து எண்ணைச் சத்தமாக வாசித்தாள். நான் பதிவேட்டில் எழுதினேன். பத்தும் ஒரே எண். மாஸ்டர் ஒன்றை வாங்கிக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, ஓரத்தைக் கண்ணருகே வைத்து ஒரு முறை தானும் பார்த்தார்.

“சரி,” என்றார். “முதல் பதினைஞ்சை அளக்காதீங்க.”